ஒரே நாளில் மூன்று ஹைஸ்கூல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களை ரேடியோவில் எப்படி வர்ணிக்கிறார்கள்? குரல் போய்விடாதா?

குரல் அவ்வளவு சீக்கிரம் போகாது. முதலில் போவது கவனம்தான். நான் மேற்கு டெக்சாஸில், லபக் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். எங்கள் உள்ளூர் ரேடியோவில் வர்ணனையாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தை யார் பிடித்தான், யார் மடக்கினான் என்று காட்டிக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஸ்பாட்டர் என்பார்கள். இரண்டு அணிப் பையன்களின் பெயரையும் எண்ணையும் ஆடும் இடம் வாரியாக ஒரு பெரிய அட்டையில் எழுதி வைத்திருப்பேன். கண் பைனாகுலரில், விரல் அட்டையில். விரல் போய் நிற்கிற பெயரை அவர் சொல்வார். மைக் திறந்தே இருக்கும் என்பதால் நான் வாயைத் திறக்கக் கூடாது.

நவம்பரில் பிளேஆஃப், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்று, தொடங்கியதும் சனிக்கிழமைகள் நீண்டுவிடும். எங்கள் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) உள்ள பள்ளிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு ரேடியோதான். அதனால் காலை 11 மணிக்கு ஓர் ஊர், அங்கிருந்து சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறொரு மைதானத்தில் 3 மணிக்கு ஒன்று, இரவு 7 மணிக்கு இன்னொன்று என்று அமைந்துவிடும். வழக்கமான பதினொரு பேர் ஆட்டத்தின் நேரம் 48 நிமிடம்தான், ஆனால் இடைவேளையில் பேண்ட் வாத்தியக் குழுக்கள் இறங்கி, நடுநடுவே கடிகாரம் நின்று, எல்லாம் முடிய இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

காலை ஆட்டம் பெரும்பாலும் சிக்ஸ் மேன், அதாவது பக்கத்துக்கு ஆறு பேர். பதினொரு பேர் சேராத குட்டிப் பள்ளிகளுக்காக 1934இல் நெப்ராஸ்காவில் உருவான ஆட்டம் இது. மைதானம் 80 யார்டு, நான்கு டவுனுக்குள், அதாவது நான்கு முயற்சிக்குள், முன்னேற வேண்டியது வழக்கமான 10 யார்டு அல்ல, 15 யார்டு, ஆறு பேரில் யார் வேண்டுமானாலும் பாஸ் பிடிக்கலாம். பந்தோடு எதிரணி எல்லைக்குள் போய் டச் டவுன் எடுத்த பிறகு, பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே போட்டால் 2 புள்ளி, பந்தோடு மறுபடி எல்லைக்குள் ஓடிப் போனால் 1, வழக்கத்துக்கு நேர் எதிர். ஸ்கோர் மளமளவென்று ஏறும். இடைவேளையிலோ அதற்குப் பிறகோ வித்தியாசம் 45 புள்ளியைத் தொட்டால் ஆட்டம் அதோடு சரி. நாளின் தொடக்கத்திலேயே கண்ணைக் கசக்கிப் பிழிந்துவிடும் ஆட்டம், ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ரேடியோவில் கேட்பவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். பந்து எந்த யார்டில், எத்தனையாவது டவுன், இன்னும் எவ்வளவு தூரம், மிச்ச நேரம் எவ்வளவு, எந்த அணி இடமிருந்து வலம் போகிறது. ஸ்கோரை அலுப்பு தட்டும் அளவுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு நிமிடமும் யாராவது ஒருவர் புதிதாக ரேடியோவைப் போடுகிறார். பேஸ்பால் வர்ணனையில் புகழ்பெற்ற ரெட் பார்பர் இதற்காகவே மூன்று நிமிட மணல் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்திருந்தார், மணல் இறங்கியதும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். எங்கள் மேஜையிலும் அப்படி ஒன்று உண்டு. அப்புறம் மணிக்கு ஒருமுறை நிலையத்தின் அடையாளமான அழைப்பு எழுத்துகளையும் ஊர்ப் பெயரையும் சொல்வது சட்டப்படி கட்டாயம், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் எங்கள் வர்ணனையாளர் இடைவெளி பார்த்துச் சொல்லிவிடுவார்.

மூன்றாவது ஆட்டத்தில்தான் சோதனையே. விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் நிறச் சட்டையில் வெள்ளை எண் என்றால் 3 எது, 8 எது என்று பிரிக்க முடியாது. அப்போது நான் எண்ணை விட்டுவிட்டு ஓடும் தோரணை, காலுறை, கையில் சுற்றிய டேப் இவற்றைப் பார்ப்பேன், இதையெல்லாம் பயிற்சி ஓட்டத்தின்போதே குறித்து வைத்துக்கொள்வது வழக்கம். பெயர் உச்சரிப்பையும் ஆட்டத்துக்கு முன்பே பயிற்சியாளரிடம் கேட்டு எழுதிக்கொள்கிறேன். மெக்சிகோ வழிப் பெயர், வியட்நாம் பெயர், நைஜீரியப் பெயர் எல்லாம் வரும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. தோற்கிற அணியில் கடைசி வருடப் பையன்களுக்கு அதுதான் கடைசி ஆட்டம், கல்லூரிக்குப் போய் ஆடப்போகிறவர்கள் மிகக் கொஞ்சம் பேர். நவம்பரில் இங்கே பருத்தி ஜின்னிங் மில்கள் ராப்பகலாக ஓடும், மகன் ஆடும்போது ஷிஃப்டில் நிற்கிற அப்பாவுக்கு ரேடியோதான் மைதானம். நாங்கள் களைத்துவிட்டோம் என்பதற்காக அவர் பையனை “நம்பர் 42” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

அதே காரணத்தால்தான் பதினேழு வயசுப் பையன் பந்தை நழுவவிட்டால், பந்து நழுவியது, எதிரணி எடுத்துக்கொண்டது, அதோடு நிறுத்திக்கொள்வோம், அவனைக் குறை சொல்ல மாட்டோம். யாராவது அடிபட்டு விழுந்தால் என்ன காயம் என்று ஊகிக்காமல் விளம்பரத்துக்குப் போய்விடுவோம். அவன் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

குரலைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வர்ணனையாளர் நாள் முழுக்க வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிப்பார், ஐஸ் போட்ட சோடாவைத் தொட மாட்டார். ஆட்டங்களுக்கு நடுவே வண்டியில் போகும்போது பேச்சே கிடையாது, இடைவேளையை உடன் இருக்கும் விமர்சகர் பார்த்துக்கொள்வார். ஆட்டம் சமனில் முடிந்தால்தான் கஷ்டம். எதிரணி எல்லைக்கு 25 யார்டு தூரத்திலிருந்து இரண்டு அணிக்கும் மாறி மாறி வாய்ப்பு, முடிவு தெரியும் வரை போகும், ஒவ்வொரு பந்துக்கும் கத்தியாக வேண்டும்.

உங்களுக்கும் ஆசை இருந்தால் ஆகஸ்ட் தொடக்கத்தில், சீசனுக்கு முன்னால், உங்கள் ஊர் ரேடியோ நிலையத்துக்குப் போய் ஸ்பாட்டர் வேண்டுமா என்று கேளுங்கள். சின்ன நிலையங்களில் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான். பைனாகுலரை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், அங்கே நல்லதாக இருக்காது.