வாரம் மூன்று நாள் எடை தூக்குகிறேன். கார்டியோவும் (ஓட்டம், சைக்கிள் போன்ற மூச்சு வாங்கும் பயிற்சி) சேர்த்தால் தசை கரையுமா? எதைத் தேர்ந்தெடுப்பது?

கரையாது. இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1980இல் ராபர்ட் ஹிக்சன் நடத்திய 10 வார ஆய்வில், எடைப் பயிற்சியோடு கடும் சைக்கிளிங்கும் ஓட்டமும் செய்தவர்களின் கால்வலிமை முதலில் நன்றாகவே ஏறியது. கடைசி வாரங்களில்தான் சரிந்தது. ஆனால் அவர்கள் வாரத்துக்கு 5 நாள் எடை, 6 நாள் கார்டியோ என்று உழைத்தவர்கள். நீங்கள் அந்த அளவுக்குப் போகப்போவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஓட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் கால் அதிர்ச்சியைத் தாங்குகிறது, வலியும் தங்கிவிடுகிறது. ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) செய்பவருக்கு சைக்கிளோ வேக நடையோ எளிது. ஆனாலும் ஓடப் பிடித்தால் ஓடுங்கள். பிடிக்காத டிரெட்மில்லை யாரும் வருஷக்கணக்கில் தொடர்வதில்லை, இதை அழுத்தியே சொல்கிறேன்.

ஒரே நாளில் இரண்டும் என்றால் எடை முதலில், அப்புறம் கார்டியோ. கடினமான கார்டியோவைக் கால் பயிற்சிக்கு முந்தைய நாள் வைக்காதீர்கள். சாப்பாட்டையும் குறைக்காதீர்கள், தசை இழப்புக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம், கார்டியோ அல்ல.

முதல் மாதம் 20 நிமிடம், வாரம் இரண்டு முறை போதும். மூச்சு பழகியதும் நேரத்தைக் கூட்டுங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.