ஷூவைக் கொடுத்துவிட்ட மகன்

அருமனைப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மூன்று பக்கக் கடிதத்தில் கடைசிக்கு முந்தைய வரியில்தான் விஷயம் இருக்கிறது. முட்டி திருகிக்கொண்டதிலிருந்து நாலு மாதமாக வாலிபால் ஆடப் போகாத உங்கள் 20 வயது மகன், போன வாரம் ஷூவையும் கிளப் ஜெர்சியையும் எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து, ‘எனக்கு இனி எதுக்கு, நீ வச்சுக்கோ’ என்றிருக்கிறான். மூவாயிரம் ரூபாய் ஷூ போயிற்றே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். என் கவலை வேறு.

மனம் விட்டுப்போயிருக்கும் ஒருவர் தனக்குப் பிரியமானதையெல்லாம் எடுத்துப் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால், அது தற்கொலை எண்ணத்தின் அடையாளமாக இருக்கலாம். இருந்தே தீரும் என்று சொல்லவில்லை. இல்லை என்று உறுதியாகும்வரை இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

இன்றைக்கே அவனைத் தனியாக உட்காரவைத்து நேராகக் கேளுங்கள்: ‘மக்களே, செத்துரலாம்ணு உனக்குத் தோணுதா?’ கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஒரு ஆள் வந்தாரே என்று பலர் அப்போதுதான் வாய் திறப்பார்கள். ‘உன்ன வளக்க நான் பட்ட பாடு’ என்ற கதையை மட்டும் அந்த நேரத்தில் எடுக்காதீர்கள். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தனியே விடாமல் உடனே ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இல்லை என்று சொன்னாலும் இந்த வாரமே மனநல ஓ.பி.யில் காட்டிவிடுங்கள். ரப்பர் ஷீட் அடிக்கிற வீடு என்கிறீர்கள். ஆசிட், பூச்சிமருந்து, மாத்திரைகள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும்.

அடுத்த வீட்டு அக்கா தூக்கத்துக்கென்று தந்த அல்பிரசோலமும் அதில் சேர்த்திதான். யாருக்கோ எழுதிய மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பதற்கு இது கடுக்காய்க் கஷாயமா? இனி நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அட்டையை ஓ.பி.க்கு எடுத்துப்போய், எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

வைட்டமின் டி குறைவா, புரோட்டீன் பவுடரில் முடி கொட்டுமா, ஜிம்மில் விழுந்து இறந்த பையனின் வீடியோ என்று நீங்கள் கேட்டிருக்கும் மற்றதெல்லாம் ஆறப்போடுங்கள். தைராய்டு, ரத்த அளவு, பி12 எல்லாம் அங்கேயே பார்ப்பார்கள். அந்த வீடியோவை இன்னும் நாலு குரூப்புக்கு அனுப்பாமலிருந்தால் போதும்.

இனி, ‘ஓடினால் மனச்சோர்வு போய்விடும், மாத்திரையே வேண்டாம்’ என்ற யூடியூப் பேச்சு. பாதி உண்மை, அதனால்தான் தொந்தரவு. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு உடற்பயிற்சி நன்றாகவே கைகொடுக்கும். தூக்கம் சீராகும், பதற்றம் குறையும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான பயிற்சி வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. ஆனால் மனச்சோர்வு முதலில் பறிப்பதே எழுந்து நடக்கும் தெம்பைத்தான். ராத்திரி மூன்று மணிவரை விழித்துக் கிடப்பவனை ஐந்து மணிக்குப் போர்வையை இழுத்து எழுப்பிச் சானல் (கால்வாய்) கரைக்கு ஓட விரட்டினால், பாதி வழியில் திரும்பி வருவான். ‘இதுகூட முடியல’ என்று இன்னொரு தோல்வி அவன் கணக்கில் ஏறும். அத்தான் கட்டிவைத்த ஜிம் பணமும் அப்படித்தான்.

அவன் இழந்தது வாலிபாலை மட்டுமல்ல. சாயங்காலம் ஐந்தானால் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிற கூட்டுக்காரர்கள், உடம்பு அலுத்து வருகிற தூக்கம், ஓணப் போட்டியில் இவன் ஸ்மாஷுக்கு ஊர் போடுகிற கூச்சல், எல்லாம் முட்டியோடு சேர்ந்து ஒரே நாளில் போய்விட்டன. அடிபட்ட ஆட்டக்காரர்கள் சோர்ந்துபோவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். வீட்டில் அதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். முட்டியையும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நாலு மாதமாக எண்ணெய் தடவிக்கொண்டிருப்பது சிகிச்சை ஆகாது. பிசியோதெரபியில் தேறக்கூடிய காயமா என்று முதலில் தெரியட்டும்.

சிகிச்சை தொடங்கி, அவனுக்கு ஆபத்தில்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, பழைய கூட்டுக்காரன் ஒருவனிடம் சொல்லி வையுங்கள். சாயங்காலம் வந்து கூட்டிப்போகட்டும். ஆட வேண்டாம், கோட்டுக்கு வெளியே பத்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாலும் சரி. ‘இன்னைக்கு வரல’ என்றால் விட்டுவிட்டு மறுநாளும் வரட்டும். தனியாக ஓடுவதைவிட இவனுக்கு இது உதவும்.

மாத்திரை எழுதினால், ‘அடிமையாகிவிடுவான்’ என்று நிறுத்தாதீர்கள். மனச்சோர்வு மாத்திரைகள் அந்த ரகமல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் கண்காணிப்பு கூடுதலாகவே வேண்டும். பரபரப்போ, தூக்கமே இல்லாமையோ, சாவுப் பேச்சோ கூடினால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே கூட்டிப்போங்கள். அந்தந்த வேளை மாத்திரையை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அட்டை அவன் கையில் வேண்டாம்.