பூஞ்சைக் களிம்புக்கு அசையாத முழங்கைத் திட்டு

முழங்கைத் திட்டுக்குப் பூஞ்சைக் களிம்பு போட்டும் போகவில்லை, இது படர்தாமரையா, குழந்தைக்கு ஒட்டுமா என்று கேட்கிறீர்களா? படர்தாமரையாக இருக்க வாய்ப்பு குறைவு. இரண்டு முழங்கையிலும் ஒரே மாதிரி, வெள்ளிச் செதிலோடு தடித்த திட்டு, 2 மாதம் பூஞ்சைக் களிம்பு போட்டும் மாறவில்லை என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். அப்படியானால் அது தொற்றாது. குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளுமோ என்று தள்ளி வைக்க வேண்டாம், தூக்கிக் கொஞ்சுங்கள்.

சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தூண்டப்பட்டு, ஒரு மாதம் எடுத்து வளரவேண்டிய தோல் சில நாட்களிலேயே வளர்ந்து குவிகிறது. அதுதான் அந்தச் செதில்.

இன்றே நகங்களைப் பாருங்கள். ஊசியால் குத்தியது போலக் குழிகள் உண்டா? அதுவும் சொரியாசிஸின் அடையாளமாக இருக்கலாம். காதுக்குப் பின்னால், தொப்புள், தலைமுடி ஓரம் எல்லாம் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். படர்தாமரை என்றால் பெரும்பாலும் ஓரம் சிவந்து நடு தெளிந்திருக்கும். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துவிடுவார்.

வழக்கமாக ஸ்டீராய்டு களிம்போடு கால்சிபோட்ரியால் (வைட்டமின் D வகை பூச்சு மருந்து) சேர்த்து, சுமார் 4 வாரம் தருவார்கள். குளித்ததும் ஈரப்பதக் களிம்பு தடவுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள், காயம்பட்ட இடத்தில் புதுத் திட்டு வரலாம்.

ஒன்று முக்கியம்: ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். நிறுத்தும்போது சொரியாசிஸ் மோசமாகக் கிளம்பலாம். அப்புறம், சொரியாசிஸ் மூட்டையும் பாதிக்கலாம்; காலையில் விரல் மூட்டு விறைத்தாலோ வீங்கினாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.