ஒற்றை வரியில் தாண்டிப் போன காய்ச்சல்

கேள்வி: என் மகளுக்கு 24 வயது. லூபஸ் நோயால் சிறுநீரகம் பாதித்து, பாளையங்கோட்டையில் சேர்த்திருந்து மூன்று வாரம் முன்பு வீட்டுக்குக் கூட்டி வந்தோம். முகம் உப்பிவிட்டது, முடி கொட்டுகிறது. போன வாரம் லேசாகக் காய்ச்சல்; மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், விட்டுவிட்டது. ஸ்டீராய்டு கிட்னியைத் தின்றுவிடும், கடைசியில் டயாலிசிஸ்தான் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா? வரன் வேறு பார்க்கிறோம்.
- ஒரு தாய், கல்லிடைக்குறிச்சி

பதில்: நிறுத்தக் கூடாதும்மா. டயாலிசிஸுக்குப் பயந்து, அதை வரவிடாமல் தடுக்கிற மருந்தையே நிறுத்தப் பார்க்கிறீர்கள். லூபஸ் நோயில் கிட்னியைத் தாக்குவது அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியேதான். ஸ்டீராய்டு அதைத்தான் அடக்குகிறது. வாரக்கணக்கில் சாப்பிட்டதைச் சட்டென்று விட்டால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். டாக்டர் படிப்படியாகக் குறைப்பார், முகமும் வடியும். முடி பெரும்பாலும் திரும்ப வளரும்.

என்னைக் கவலைப்பட வைத்தது நீங்கள் ஒற்றை வரியில் தாண்டிப் போன அந்தக் காய்ச்சல். எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்த உடம்பில் கிருமி புகுந்தால் வெளியே லேசாகத்தான் தெரியும், உள்ளே வேகமாகப் பரவும். தெர்மாமீட்டர் 100.4 காட்டினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று கஷாயம் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். குளிர் நடுக்கமோ மூச்சு வாங்கலோ இருந்தால் தெர்மாமீட்டரே தேட வேண்டாம்.

அப்புறம் அந்த செட் மாத்திரை! உறையில்லாத நாலு மாத்திரையில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை ஒன்று இருந்திருந்தால், அடிபட்ட கிட்னிக்கு அது இன்னொரு அடி. ரிவ்யூ தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரிடம் போய் ரத்தம், சிறுநீர், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு எல்லாம் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, கணுக்காலில் விரல் அழுத்திய குழி அப்படியே நின்றாலோ உடனே காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் உங்கள் தெருவுக்கு வந்தால் பிரஷரையும் பார்க்கச் சொல்லி அதே நோட்டில் குறியுங்கள். உப்பு குறைய வேண்டும். கல்லிடைக்குறிச்சிக்காரர்களிடம் அப்பளம் வேண்டாம் என்று சொல்ல எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது; ஆனாலும் வேண்டாம்.

கல்யாணத்துக்கு நோய் தடையில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோஃபெனோலேட் என்ற மருந்து இருந்தால், அதைச் சாப்பிடும் காலத்தில் கரு தரிக்கக் கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம். தேதி குறிப்பதற்கு முன்பே கிட்னி டாக்டரிடம் சொல்லிவிட்டால், எப்போது, எந்த மருந்துக்கு மாற்றுவது என்று அவர் பார்த்துக்கொள்வார்.