தட்டினால் எரிகிற டார்ச்: எல்இடி போயிடுச்சா?

எல்இடி போகலைங்க. தட்டினால் எரியுது, பட்டனை அழுத்தினால் மினுக்கி அணையுதுன்னா தொடர்பு எங்கேயோ விடுது. நீங்க பாம்பன்ல மீன்பிடி வல்லத்துல கடலுக்குக் கொண்டுபோறதா எழுதியிருக்கீங்க, அதனால எனக்குச் சந்தேகம் பின்மூடி மேலதான்.

அலுமினிய டார்ச்சில் மின்சாரம் உடம்பு வழியாகவே திரும்புது. பின்மூடிக்குள்ள சுவிட்சைப் பிடிச்சிருக்கிற வளையம் லேசா தளர்ந்தாலோ, குழாய் விளிம்பில் உப்பு பூத்தாலோ இப்படித்தான் ஆகும்.

பின்மூடியைக் கழற்றுங்க. பேட்டரி உள்ளேயே இருக்கட்டும். சின்னச் செப்புக் கம்பியால பேட்டரியின் மைனஸ் முனையையும், குழாயின் பூச்சில்லாத விளிம்பையும் ஒரு நொடி இணைங்க. நிலையா எரிஞ்சா தலைப்பக்கம் நல்லாயிருக்கு. வளையத்தை மூக்குக் குறடால இறுக்கி, விளிம்பையும் மரையையும் ஸ்பிரிட் தொட்ட துணியால துடைங்க. கம்பி வெச்சும் மினுக்கினா தலையை இறுக்கிப் பாருங்க.

மட்டமான பொருளான்னும் கேட்டிருந்தீங்க. மரையைப் பாருங்க: ஆழமா, சொரசொரப்பில்லாம சுத்தணும், ரப்பர் வளையம் வெடிப்பில்லாம இருக்கணும். இது ரெண்டும் சரின்னா தூக்கிப்போடாதீங்க, நல்ல வேலைப்பாடுதான். தண்ணி புகாதுன்னு சொல்ற ஐபிஎக்ஸ்7 முத்திரையை மட்டும் நம்பவேண்டாம். அது ஒரு மீட்டர் நல்லதண்ணியில 30 நிமிஷம் வெச்சுப் பார்க்கிற சோதனை, உப்பு அரிப்புக்கு அதில் கணக்கே இல்லை. கரைக்கு வந்ததும் மூடியபடியே நல்லதண்ணியில அலசிடுங்க. ரப்பர் வளையத்துக்கு சிலிகோன் கிரீஸ் போடுங்க.

பிளாஸ்டிக் உடம்புன்னா இந்தக் கம்பிச் சோதனை பொருந்தாது. லித்தியம் பேட்டரி உப்பியிருந்தாலோ, மேலுறை கிழிஞ்சிருந்தாலோ கம்பியே வைக்காதீங்க, முதல்ல பேட்டரியை மாத்துங்க.