மணாலி போயிட்டு வந்த காருக்கு உடனே கோட்டிங் அடிக்கலாமா?

கேள்வி: ஜனவரில குடும்பத்தோட டெல்லில இருந்து மணாலிக்கு கார்லயே போயிட்டு வந்தோம் சார். மேல ஒரு இடத்துல ஐஸ் வழுக்காம இருக்க ரோட்ல மணலோட உப்பும் கலந்து தூவியிருந்தாங்க. வந்து பத்து நாளாச்சு, சக்கரத்துக்கு மேல வளைஞ்சிருக்கிற வீல் ஆர்ச்சுக்குள்ள வெள்ளையா படிஞ்சிருக்கு. கார் அடிப்பக்கம் துருப்பிடிக்காம இருக்க உடனே அண்டர்பாடி கோட்டிங் அடிச்சிடுங்கன்னு கடைல சொல்றாங்க, அடிக்கலாமா?
- வாசகர், மயூர் விஹார்

பதில்: கோட்டிங் அப்புறம் சார், முதல்ல கழுவுங்க, நாளைக்கே கழுவுங்க. தண்ணி 0 டிகிரில உறையும், உப்பு நல்லா கரைஞ்ச தண்ணி மைனஸ் 21 வரைக்கும்கூட உறையாம தாக்குப்பிடிக்கும், அதனாலதான் கனடா மாதிரி ஊர்ல டன் கணக்குல கொட்டுறாங்க. ஆனா அதே உப்புத்தண்ணி கரண்ட்டை நல்லா கடத்தும், இரும்பு துருப்பிடிக்க அது ரொம்ப வசதி. குளிர்ல இந்த வேலை மெதுவாதான் நடக்கும், நம்ம டெல்லில பிப்ரவரி தாண்டி வெயில் ஏற ஏறத்தான் வேகம் பிடிக்கும். மலைல ஒண்ணும் ஆகலையேன்னு விட்டுடாதீங்க.

லிஃப்ட் இருக்கிற வாட்டர் வாஷ் கடைக்குப் போங்க. மேல பாடியை விட வீல் ஆர்ச் மடிப்பு, கதவுக்கு அடில இருக்கிற தண்ணி வடியற ஓட்டை, ஜாக்கி வைக்கிற விளிம்பு, இங்கெல்லாம் நின்னு நிதானமா அடிக்கச் சொல்லுங்க, சேறு இருக்கிற இடத்துலதான் உப்பும் ஒளிஞ்சிருக்கும். நல்லா காயாம கார் கவர் போடாதீங்க.

கோட்டிங் ஏன் இப்ப வேணாம்னா, நான் பட்டிருக்கேன். பழைய கார்ல சரியா கழுவாம அழுக்கு மேலயே கருப்பு ரப்பர் கோட்டிங் அடிச்சுக் குடுத்துட்டாங்க, ரெண்டு வருஷம் கழிச்சு ஜாக்கி பாயின்ட்ல ஸ்க்ரூடிரைவரால லேசா குத்தினேன், கோட்டிங் தோல் மாதிரி உரிஞ்சு வந்துச்சு, உள்ள தகடு அப்பளம் மாதிரி அடுக்கடுக்கா உதிருது. வெளில இருந்து பாத்தா பளபளன்னு இருந்துச்சு, மனசே ஆறல. கழுவி, காய வச்சு, துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடிச்சு, அதுக்கு மேலதான் கோட்டிங். வருஷா வருஷம் பனிக்குப் போறவங்களா இருந்தா மெழுகு வகை நல்லது, விரிசல் விடாது. வடியற ஓட்டையை மட்டும் அடைக்க விடாதீங்க, பிரேக் டிஸ்க்லயும் சைலன்சர்லயும் எதுவும் படக்கூடாது.

கார் லிஃப்ட்ல இருக்கும்போதே போன் டார்ச் அடிச்சு பிரேக் பைப்பைப் பாருங்க, அது மெல்லிசு, அதுல செதில் மாதிரி துரு இருந்தா மெக்கானிக் கிட்ட காட்டி மாத்திட்டு அப்புறம் மலை ஏறுங்க.