கேள்வி: கராஜில் பிளாஸ்டிக் ஃபெர்மென்டரில் (பீர் நொதிக்கும் கலன்) 12 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அழுத்தத்தில் பீர் போடுகிறேன், கேஸ் சிலிண்டர் இல்லை. நொதிக்கும்போது வரும் கேஸை வைத்தே 19 லிட்டர் கெக்கில் (பீர் அடைக்கும் உலோகப் பீப்பாய்) உள்ள, பீரைக் கெடுக்கும் காற்றை முழுசாக வெளியேற்ற முடியுமா? அழுத்தத்தைக் குறித்த அளவில் நிறுத்தும் ஸ்பண்டிங் வால்வை எங்கே வைப்பது?

முடியும். சிலிண்டரை வைத்துச் செய்வதைவிட நன்றாகவே முடியும். இந்த ஒரு வரியோடு போயிருப்பேன். ஆனால் ஏற்கெனவே பதில் சொன்ன ஒருவர், "கார்பன் டை ஆக்சைடு கனமான வாயு, கீழே போர்வை மாதிரி படுத்துக்கொள்ளும், சிலிண்டரை நாலு தடவை திறந்து மூடினால் போதும்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார். இதே வசனத்தை வேலை செய்யும் இடத்தில் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அதற்கு முன், சட்டம் பேசக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் பெங்களூரில் உரிமம் உள்ள ஒரு மைக்ரோ ப்ரூவரியில் இருக்கிறேன். இங்கே சொல்வதெல்லாம் அங்கே 20 லிட்டர் சோதனை பேட்ச் போடும்போது செய்தது. கர்நாடகத்தில் உரிமம் இல்லாமல் பீர் போடுவது கலால் சட்டப்படி குற்றம், சொந்தமாகக் குடிக்க என்றாலும். கேள்வி கேட்டவர் கராஜில் ஃபெர்மென்டர் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார். ஆஸ்திரேலியா, அமெரிக்கா மாதிரி வீட்டில் போட அனுமதி உள்ள ஊரில் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரில் கராஜ் இருக்கிறவர் பீரை விலைக்கு வாங்கியே குடிப்பார்.

இப்போது அந்தப் போர்வை. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், உண்மைதான். ஆனால் வாயுக்கள் தண்ணீரும் எண்ணெயும் மாதிரி பிரிந்து நிற்காது. கெக்குக்குள் கேஸ் பாயும்போதே கலக்க ஆரம்பித்துவிடும். கலந்ததைத்தான் நாம் வெளியே விடுகிறோம். 30 பிஎஸ்ஐ வரை ஏற்றித் திறந்துவிட்டால், உள்ளே இருந்த ஆக்சிஜனில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே தங்கும். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது 2,10,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). நாலு தடவை ஏற்றி இறக்கினால் மிச்சம் சுமார் 2,600 பிபிஎம். பெரிய ப்ரூவரிகள் அடைத்த பீரில் கரைந்த ஆக்சிஜன் 50 பிபிபி-க்குக் (நூறு கோடியில் 50 பங்கு) கீழே இருக்க வேண்டும் என்று மல்லுக்கட்டுகிறார்கள். கெக்கின் காலி இடத்தில் இருப்பதும் பீரில் கரைந்திருப்பதும் ஒன்றல்ல, தெரியும், யாரும் பாயவேண்டாம். ஆனாலும் 2,600 என்பது சின்ன எண் இல்லை.

நொதித்தலில் வரும் கேஸின் அளவு பலருக்குத் தெரிவதில்லை. 20 லிட்டர் வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) அடர்த்தி 1.050-ல் தொடங்கி 1.010-ல் நின்றால், ஏறக்குறைய 800 கிராம் கார்பன் டை ஆக்சைடு வரும். அறையின் சாதாரண அழுத்தத்தில் அது 400 லிட்டருக்கு மேல். நீங்கள் சொன்ன 12 பிஎஸ்ஐ-யில் 30 லிட்டர் சொச்சம் பீரிலேயே கரைந்து நிற்கும். மிச்சமெல்லாம் வால்வு வழியாக வீணாகப் போகிறது. அதை உங்கள் 19 லிட்டர் கெக் வழியாகப் போகவிட்டால், கெக்கும் 12 பிஎஸ்ஐ-யில் இருக்கும்போது உள்ளே உள்ள கேஸ் சுமார் 10 தடவை மாறும். முழுக்கக் கலந்துதான் வெளியேறுகிறது என்று மோசமாகவே கணக்குப் போட்டாலும் கடைசியில் 10 பிபிஎம் அளவுதான் ஆக்சிஜன் தங்கும். வால்வை நடுவில் வைத்துக் கெக்கை அழுத்தம் இல்லாமல் விட்டால் 20 தடவை மாறும். ஆகவே ஸ்பண்டிங் வால்வை ஃபெர்மென்டருக்கும் கெக்குக்கும் நடுவில் வைப்பதா, கெக்குக்கு அப்பால் கடைசியில் வைப்பதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கடைசியில். 10 தடவையே தாராளம். கெக்கும் அதே அழுத்தத்தில் தயாராக நிற்கும், அதன் பலன் பீர் மாற்றும்போது தெரியும்.

குழாயை மட்டும் மாற்றிப் போடாதீர்கள். ஃபெர்மென்டரின் கேஸ் போஸ்ட்டிலிருந்து (போஸ்ட் என்பது குழாய் மாட்டும் முனை) வரும் குழாய் கெக்கின் லிக்விட் போஸ்ட்டுக்குப் போகவேண்டும். அதில்தான் நீளமான டிப் ட்யூப் அடிவரை இறங்குகிறது. கேஸ் அடியிலிருந்து ஏறி, மேலே இருக்கும் கேஸ் போஸ்ட் வழியாக ஸ்பண்டிங் வால்வுக்குப் போகும். கெக்கை சானிடைசரால் (கிருமி நீக்கும் கரைசல்) தளும்ப நிரப்பி, அதை இந்தக் கேஸாலேயே வெளியே தள்ளுகிறவர்கள் தலைகீழாக மாட்டுவார்கள்: கேஸ் போஸ்ட்டில் உள்ளே, லிக்விட் போஸ்ட்டில் வெளியே. அது இன்னும் சுத்தமான முறை. எனக்கு அவ்வளவு சானிடைசர் செலவழிக்க மனசு வராது.

எங்கள் ஹெட் ப்ரூவர் மங்களூர்க்காரர், கைதேர்ந்தவர், ஆனால் போர்வைக் கட்சி. ஒரு ஆயுத பூஜை சமயம். டேங்குகளுக்கெல்லாம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. ஹாப்ஸ் (பீருக்கு வாசனை தரும் பூ) தூக்கலாகப் போட்ட ஒரு பேல் ஏல் (வெளிர்நிற பீர்) சோதனை பேட்ச் முடிந்து நின்றது. ஈஸ்ட் போட்ட அன்றே நான் ஒரு சின்ன கெக்கை அதோடு கோர்த்துவிட்டிருந்தேன். அவர் தன் பங்குக்கு இன்னொரு சின்ன கெக்கை எடுத்து சிலிண்டரால் ஏற்றி இறக்கினார். நாலாவது தடவையில் சிலிண்டர் காலி. பீன்யாவில் இருக்கும் கேஸ் ஏஜென்சிக்கு விஜயதசமி கழிந்துதான் கடை திறக்கும். (அவர்கள் தரும் சிலிண்டர் எடை ஒருநாளும் சரியாக இருந்ததில்லை, அது வேறு கதை.) "பீரை மாத்தறதுக்கே கேஸ் இல்லை, விடு, லீவு முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றார்.

கேஸே வேண்டாம் சார் என்று ஃபெர்மென்டரைத் தூக்கி மேசைமேல் வைத்தேன். பீர் குழாய் கீழே கெக்கின் லிக்விட் போஸ்ட்டுக்கு. கெக்கின் கேஸ் போஸ்ட்டிலிருந்து இன்னொரு குழாய் ஃபெர்மென்டரின் கேஸ் போஸ்ட்டுக்கே திரும்ப. பீர் இறங்க இறங்க, கெக்கில் இருந்த கேஸ் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்பும். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் நுரையும் இல்லை. இரண்டு கெக்கையும் அப்படியே நிரப்பினோம். அவருடையதில் இருந்த கேஸ் ஃபெர்மென்டருக்குத் திரும்பி என் கெக்குக்குப் போகும் பீரில் சேரக்கூடாது என்று அவருடையதைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

சில வாரம் குளிர் அறையில் இருந்தபின் யாருடையது எது என்று சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தேன். ஒன்றில் நிறம் கருத்து, ஹாப்ஸ் வாசனை மங்கி, நனைந்த அட்டைப்பெட்டி வாடை தலைகாட்டியது. மற்றதில் மாம்பழ வாசனை அப்படியே இருந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பேட்சுக்கு "அந்தக் குழாயை எங்க வெச்சே?" என்று கேட்டார். ஒரே ஒரு பேட்சை வைத்துக்கொண்டு விஞ்ஞானம் பேசாதே என்பீர்கள். சரி, பேசவில்லை. மேலே உள்ள கணக்கைப் பாருங்கள், அது போதும்.

நான் கோர்த்துவிட்டிருந்த அந்தக் கெக்தான் வார இறுதியில் பப்பில் ஒரே மாலையில் தீர்ந்தது. பில்லில் போடும் சர்வீஸ் சார்ஜில் பரிமாறுகிறவருக்குப் பங்கு, பார் பையனுக்குப் பங்கு, கிச்சனுக்கும் பங்கு. எங்களுக்கு மட்டும் கிடையாது. கேட்டால் "நீங்க புரொடக்‌ஷன்" என்கிறார்கள். டேங்குக்குள் தலையை விட்டுத் தேய்ப்பவன் சர்வீஸ் இல்லையாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் வைத்திருப்பது பிளாஸ்டிக் ஃபெர்மென்டர். அந்த வகைக்குப் பொதுவாக 35 பிஎஸ்ஐ-தான் உச்சவரம்பு, அதன் ரிலீஃப் வால்வை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது நுரை எழும்பிக் குழாயில் ஏறினால் குழாயோ போஸ்ட்டோ அடைத்துக்கொள்ளும், அப்புறம் அழுத்தம் எங்கே போகும்? மேலே கால்வாசி இடமாவது விடுங்கள். லாகர் வகை பீருக்கான ஈஸ்ட் என்றால் முதல் நாட்களில் அழுகின முட்டை வாடை கெக் வழியாகத்தான் போகும், பயப்பட வேண்டாம், பின்னால் வரும் கேஸ் அதைப் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். கராஜ் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்.

கெக் மூடியின் ரப்பர் வளையம் 12 பிஎஸ்ஐ-யில் பல சமயம் சரியாக உட்காராது. சிலிண்டர்காரர்கள் 30 ஏற்றி உட்கார வைப்பார்கள், உங்களுக்கு அந்த வசதி இல்லை. வளையத்தில் உணவுத்தர சிலிகான் கிரீஸ் லேசாகத் தடவி, மூடியைச் சுற்றி சோப்பு நுரை விட்டுப் பாருங்கள். குமிழி வந்தால் மூடியைத் திருப்பிப் போட்டு மறுபடி பூட்டுங்கள். ஈஸ்ட் போட்ட அன்றே இதைச் செய்துவிடுங்கள், கேஸ் தீர்ந்தபிறகு செய்ய ஒன்றும் இருக்காது.